மூன்றாவது தாளில் கழுத்து வெட்டு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். என் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இக்கடிதத்தில் வருபவை:

1. உன் அறிக்கையில் ஓர் ஐயம்.
2. அதைச் சோதித்த விதம்.
3. அம்மாவின் பாரபட்சமற்ற சாட்சி.
4. மன்னிப்பு.

சூடான தேநீரும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் பற்றிய உன் வரைவை அனுப்பி, எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்றாய். பார்த்தேன், இரண்டுதான். ஆனால் ஒவ்வொரு கூடுதல் கோப்பைக்கும் ஆபத்து ஒரே அளவில் ஏறுகிறது என்ற வரியை அம்மாவும் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என் நான்கு மணித் தேநீர், அதாவது மூன்றாவது கோப்பை, ரத்து.

முப்பத்தோரு வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்த வரி முடிவாகத் தெரியவில்லை, நீ தொடக்கத்திலேயே வைத்துக்கொண்ட அனுமானமாகத் தெரிந்தது. நேர்கோடாக ஏறும் என்று நாமே கணினிக்குச் சொன்னால் அது நேர்கோட்டைத்தானே போட்டுத் தரும்? ஆகவே உன் கோடு சொல்வதற்கும் உண்மையான எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களை வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கோடு சரியென்றால் அவை கொட்டிய கடுகு மாதிரி சிதறிக் கிடக்கவேண்டும். எனக்கோ வளைவு தெரிந்தது. உடனே பயம் பிடித்துக்கொண்டது, தெரிவது வளைவா, தேநீர் ஆசையா என்று. எண்களைக் குலுக்கிப் போட்டு இன்னும் ஐந்து தாள் வரைந்தேன், உன்னுடையதை மூன்றாவதாகச் செருகினேன், கீழ்வீட்டுத் தையற்காரரிடம் நீட்டி எது வித்தியாசம் என்று மட்டும் கேட்டேன். அவர் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "இந்த மூணாவதுல மட்டும் சட்டைக்குப் போல வளைச்சுக் கழுத்து வெட்டியிருக்கு சார்" என்றார். மாடியேறி வந்து அம்மாவிடம் காட்டினால், அவள் கண்ணாடிகூடப் போடாமல் மூணாவது என்றுவிட்டாள். கண்ணாடி இல்லாத கண்ணுக்கே தெரிகிற வளைவு அது!

தேநீர் நல்லது என்று நான் சொல்லவில்லையம்மா. முதல் சில கோப்பைகளுக்கு ஆபத்து அசையவே இல்லை, பிறகுதான் எழும்புகிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை உன் அறிக்கையைப் பரிசீலிக்கும் குழுவில் யாராவது எழுந்து கேட்டு உன் இரண்டு வருட உழைப்பைக் கவிழ்ப்பதற்குள், நீயே ஒருமுறை கோட்டை வளைத்துப் போட்டுப் பார்த்துவிடு. நான் எங்காவது தப்புப் பண்ணியிருக்கலாம். அப்படியானால் மன்னித்துவிடு.

உன் புள்ளிகளெல்லாம் கண்டபடி சிதறிக் கிடக்க வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் அம்மா இதைப் படித்தாள். "வளைவாவது மண்ணாவது. அந்தத் தாள்ல மட்டும் டீ கறை வட்டமா இருந்துச்சு. டீயை நிறுத்தின பிறகும் டீத்தூள் எப்படிக் குறையுதுன்னு நாலு நாளா பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள். பிறகு அவளே தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஒளிஞ்சு குடிச்சா கொதிக்கக் கொதிக்க ஊத்திக்குவீங்க. இங்கயே உக்காந்து ஆறவச்சுக் குடிங்க."

கறையைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்த தையற்காரர் மட்டுமே இப்போது எனக்குச் சாட்சி. மேலே என் பட்டியலில் மூன்றாம் எண் தவறு. அதை அடித்துவிடு. மூன்றாவது கோப்பை மட்டும் இருக்கட்டும்.