என் பக்கம் பேச ஒரு கவுன்சலர்

என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது, அவளே வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"பதினோரு நாளா நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. கவனிச்சீங்களா?" என்று கேட்டாள், துணி மடித்துக்கொண்டே.

"அப்படியா? அதான் வீடு இவ்வளவு அமைதியா இருந்துச்சா!"

நான் பாராட்டாகத்தான் சொன்னேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"நாம ஒரு கவுன்சலரைப் பாக்கணும்."

"எதுக்கு? நமக்கு என்ன குறை?"

"அதைக் கேக்கத்தான். நீங்களே ஒரு நல்ல ஆளாப் பாருங்க. நான் பாத்தா 'உன் ஆளு'ன்னு சொல்லுவீங்க. நீங்களும் பாக்கலைன்னா..."

அதோடு நிறுத்திவிட்டாள். என் சட்டையை மடித்து, அடுக்கின் மேல் வைத்து, எழுந்து போய்விட்டாள். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை.

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். தொழிலில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. வாடிக்கையாளர் சொல்வதைக் காதில் வாங்கக் கூடாது. 'போன வாரத்துலேர்ந்து சத்தம் வருதுங்க, எங்க நாத்தனார் வந்து கம்பளியைப் போட்டாங்க, அப்பலேர்ந்துதான்' என்று கதை நீளும். நான் 'ம்' கொட்டிக்கொண்டே பின்பக்கத்தைக் கழற்றிவிடுவேன். உள்ளே ஒரு ஊக்கு சிக்கியிருக்கும். எடுத்து அவர்கள் கையில் கொடுப்பேன். தப்பு யார் மேல் என்று அந்த ஊக்கே சொல்லிவிடும்.

கவுன்சலர் வேலையும் இதேதான் என்று நினைத்தேன். குடும்பத்தைக் கழற்றுவார், ஊக்கை எடுப்பார், யார் போட்டது என்று சொல்வார். அப்படியானால், 'உன் மனைவிதான் போட்டாள்' என்று சொல்லக்கூடிய ஆளாகப் பிடித்துவிட்டால் போதுமே! அன்றைக்கே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எடுத்தவர் ஓர் அம்மா.

"என்ன எதிர்பாக்கறீங்க, சொல்லுங்க."

"ஒரே விசிட்ல முடிச்சுக் குடுத்துடணும்."

"கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

"பதினாலு."

"பதினாலு வருஷத்தை ஒரு மணி நேரத்துல எப்படிங்க சரிபண்றது?"

"நான் பண்ணுவேனே! அதுக்கு மேல ஆனா கஸ்டமர் சும்மா விடுவாங்களா?"

அந்த அம்மா, புருஷன் பெண்டாட்டி எங்கள் இருவரில் கஸ்டமர் யார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாததால் வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆள் இளைஞர். "நான் யார் பக்கமும் பேச மாட்டேன் சார்" என்றார்.

"நடுவுல நின்னா எப்படிங்க? யாராவது ஒருத்தர் மேல தப்பு இருக்கணுமில்ல?"

"உங்க மனைவி என்ன சொல்றாங்க?"

"அவ சொல்றது கிடக்கட்டும்."

"அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு தோணுது சார்."

அனுபவம் போதாத பையன் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆள் பெரியவர். முப்பது வருஷமாக இதே தொழில். அவரிடம் என் கதையை இருபத்தைந்து நிமிஷம் சொன்னேன். 'ம்' என்றார். 'ம்ம்' என்றார். ஓர் இடத்தில் 'ஓ' என்றார். கடைசியில் "ரெண்டு பேரும் வாங்க" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. குறுக்கே பேசாத மனுஷன் என் பக்கம்தான் இருப்பான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"ஆள் கிடைச்சாச்சு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு" என்றேன் மனைவியிடம்.

"நல்லா கேப்பாரா?"

"பிரமாதமா!"

"அப்ப சரி" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பாவம், விவரம் புரியாமல் சிரிக்கிறாள் என்று பரிதாபப்பட்டேன்.

பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மூன்றாவது மாடியில் அவர் அறை. மூன்று நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு டிஷ்யூ பெட்டி. தேவைப்படும் என்று பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"நான் நீதிபதி இல்லை" என்று பெரியவர் ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்க தீர்ப்பெல்லாம் கிடையாது. ஒருத்தர் பேசணும். இன்னொருத்தர் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லணும். பேசினவங்க 'ஆமா, அதேதான்'னு சொன்னாத்தான் அடுத்தவங்க முறை."

"அவரே முதல்ல பேசட்டும்" என்றாள்.

விடுவேனா? "இவ எதையும் ஒரு தடவையோட விட மாட்டா சார். மூணு தடவை சொல்லுவா. நான் வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சுடுவா. பகலெல்லாம் மெஷின் சத்தம், வந்தா இவ சத்தம். மனுஷன் எங்க போவான்?"

அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் குறையவில்லை, செருப்பு உட்பட. "இன்னொண்ணும் இருக்கு சார்" என்று சேர்த்துக்கொண்டாள். "போன மாசம் இவரோட முதலாளி எல்லார் முன்னாடியும் இவரைத் திட்டிட்டாரு. அதுலேர்ந்துதான் சத்தமே தாங்கலை இவருக்கு. அதை இவர் வெளில சொல்ல மாட்டாரு."

அதை நான் அவளிடம் ஒரே ஒரு தடவை, சட்டையைக் கழற்றும்போது, சுவரைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். "ஆமா, அதேதான்" என்றேன்.

இப்போது அவள் முறை. அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அதைப் பற்றி ஏதோ சொன்னாள்.

"லேப்ல வேலை ஜாஸ்தி. களைப்பா இருக்கு" என்று திருப்பினேன்.

"இல்லை."

"லேப்ல வேலை கம்மி?"

"இல்லை."

"திரும்பச் சொல்லுங்கம்மா" என்றார் பெரியவர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு லேப்ல தலைமைப் பொறுப்பு குடுத்திருக்காங்க. வீட்டுல மூணு தடவை சொல்லிட்டேன். மூணாவது தடவை, 'ம், சரி, நான் பாத்துக்கறேன்'னீங்க, கண்ணு போன்லயே இருந்துச்சு. அன்னிக்குத்தான் பேச்சை நிறுத்தினேன். நான் போறேங்க."

நான் போறேங்க. அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. அவள் இல்லாத வீடு கண் முன்னால் வந்து நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் என்றைக்கும் அவ்வளவு பயந்தது கிடையாது. பயிற்சி, வெளியூர் என்று துண்டு துண்டாக ஏதோ விழுந்தது. கடைசியில், "ஆக மொத்தம் ஆறு வாரம்" என்று காதில் விழுந்தது.

"ஆறு வாரம்தானா?" என்று கத்தியேவிட்டேன். "அப்புறம் வந்துடுவியா?"

"வராம?"

"சார், நான் திருப்பிச் சொல்றேன் சார்!" என்று கை தூக்கினேன். "இவளுக்குத் தலைமைப் பொறுப்பு குடுத்திருக்காங்க. பயிற்சிக்கு வெளியூர் போறா. ஆறு வாரம் ஆகும். சமையல், துணி, எங்க பொண்ணோட பள்ளிக்கூடம், எல்லாம் நான் பாத்துக்கறேன். அவ நிம்மதியாப் போய்ட்டு வரணும்!"

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. டிஷ்யூவைத் தேடி அவள் பக்கம் கை நீட்டியது நான்தான்.

"ஆமா, அதேதான்" என்றாள்.

"ரொம்ப நல்லா கேட்டீங்க சார்" என்றார் பெரியவர். பத்தாம் வகுப்பு பாஸான நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

லிஃப்டில் இறங்கும்போது பேச்சுக் கொடுத்தேன். "ஏம்மா, அப்படி என்னதான் சொல்லித் தருவாங்க ஆறு வாரமா?"

"பயிற்சி ரெண்டு வாரம்தாங்க. மீதி நாலு வாரம் எங்க அக்கா வீட்டுல காலை நீட்டி உக்காரப் போறேன். உள்ள சொன்னேனே."

"நான் திருப்பிச் சொன்னப்ப அது வரலையே! நீ ஏன் 'அதேதான்'னு சொன்ன?"

"விட்டுட்டீங்கன்னு கவனிச்சேன்" என்றாள், லிஃப்ட் கதவு திறக்க. "ஆனா அவ்வளவு ஆசையாச் சொல்லிட்டு இருந்தீங்க, நடுவுல திருத்த மனசு வரலைங்க."