பூவாத்தாள் காலுக்கு ஒரு கடை

சோமகிரி என்றொரு நாடு இருந்தது. அங்கே சாராயம் விற்கும் உரிமை அரசருக்கு மட்டும்தான். அரசர் ஒரு சொட்டும் தொடமாட்டார். மக்களின் நன்மைக்காக விற்பதோடு சரி.

அந்நாட்டுத் தலைநகரில் பூவாத்தாள் தெருவோரம் பொரி வறுத்துப் பிழைத்துவந்தாள். ஒரு நாள் பட்டப்பகலில், அரண்மனைச் சாராயக்கடையிலிருந்து கிளம்பிய மாட்டுவண்டி ஒன்று அவள் அடுப்பின்மீது ஏறி வலது கால்மீது இறங்கியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவளுக்கு நின்று வறுத்தால்தான் சோறு. வைத்தியர் காலைச் சரிசெய்துவிடலாம் என்றார்; அவர் கேட்ட தொகையை அவள் கனவிலும் கண்டதில்லை. பாவம், தவழாத குறையாக அரசவைக்குப் போய் இழப்பீடு கேட்டாள்.

வண்டிக்காரன் செங்கோடன் எதையும் மறைக்கவில்லை. "குடிச்சுட்டுத்தாங்க ஓட்டுனேன். கண்ணு மண்ணு தெரியலைங்க. அந்தக்காவுக்கு ஏதாச்சும் பாத்து செய்யுங்க" என்று அழுதான்.

"எங்கே குடித்தாய்?" என்றார் நீதி அமைச்சர்.

"நம்ம அரண்மனைக் கடையிலதாங்க."

அவை திடுக்கிட்டது. அரண்மனைச் சாராயத்தில் போதை கிடையாது என்று அன்று மாலையே சட்டம் வந்தது. அரசின் பெயரைக் கெடுத்த செங்கோடன் சிறைக்குப் போனான். போதையில்லாத வண்டி மோதினால் குற்றம் நிற்பவர்மீதுதானே? ஆகவே தெருவோரம் நிற்பவர்கள் எல்லாரும் கழுத்தில் மணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று அடுத்த சட்டம் வந்தது. பூவாத்தாளும் கட்டிக்கொண்டாள்.

அவளுடைய ஏழாவது மனுவில் அரசர் மனம் இளகிவிட்டது. இழப்பீட்டுக்கு நிதி திரட்ட, அவள் வீட்டு வாசலிலேயே புதிய சாராயக்கடை திறக்கப்பட்டது. அதற்குப் 'பூவாத்தாள் நல நிலையம்' என்று பெயர்.

"பத்தாயிரம் குவளை விற்றதும் உன் கைக்குப் பணம் வந்துவிடும், தாயே" என்றார் அமைச்சர்.

வியாபாரம் அமோகமாக நடந்தது. "உனக்காகத்தான் குடிக்கிறோம் அக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் குவளைகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். வலிக்கிற கால் அவளுடையது அல்லவா?

கணக்கு முடிய இன்னும் கொஞ்சமே இருந்தபோது ஒருவன் வண்டியை நிறுத்தினான். உள்ளே அவன் மனைவி, மடியில் கைக்குழந்தை.

"உங்க காலுக்காக ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போயிடறேன் அக்கா."

பூவாத்தாள் குழந்தையைப் பார்த்தாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. "எங்காலு கெடக்குது, நீ போ சாமி. புள்ளைய பத்திரமா ஊட்டுல கொண்டுபோய்ச் சேரு" என்றாள். அவன் குடிக்காமலே போனான். வரிசையில் நின்றவர்களிலும் நாலைந்து பேர் தலையைக் குனிந்தபடி நகர்ந்தார்கள்.

மறுநாள் ஓலை வந்தது. அரசின் வருவாயைக் கெடுத்த குற்றத்துக்காகப் பூவாத்தாள் முப்பது நாளுக்குள் அரசுக்கு இழப்பீடு செலுத்த வேண்டும். கட்ட வழியில்லாவிட்டால் அவள் கலங்க வேண்டியதில்லை, அரசே கடன் கொடுக்கும். அந்தக் கடனுக்கு நிதி திரட்ட அடுத்த தெருவில் ஒரு கடை திறக்கப்படும்.