நான் திறந்து வைத்த கட்டடம்

மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்து எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். இது ஈரல், இது மண்ணீரல், குடல் இவ்வளவு நீளம். புதிதாகப் பட்டம் வாங்கியவனின் தலைக்குள் இருக்கும் கனத்தை மட்டும் எந்த வாத்தியாரும் அறுத்துக் காட்டுவதில்லை. என் விஷயத்தில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்தது கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரமாக இருந்த ஒரு கக்கூஸ். மயக்க மருந்து கொடுக்காமலே செய்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. இன்றைக்கு ஆலைகள் நிற்கிற பக்கமெல்லாம் அன்றைக்கு வேலிகாத்தான் முள்காடு. அந்தக் காட்டைத் தாண்டிப் போனால் ஓர் இருளர் குடியிருப்பு. கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள், பக்கத்து ஆரணியில் அரிசி ஆலைக்குப் போகிறவர்கள், விறகு வெட்டுகிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் தங்களை வாசலோடு விரட்டுகிறார்கள் என்று சலித்துப்போய், அவர்களே ஒரு சங்கம் வைத்து, அவர்களே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. மருந்து மெட்ராஸிலிருந்து ஒரு தரும ஸ்தாபனம் அனுப்பியது. டாக்டருக்குச் சம்பளம் சங்கம் கொடுத்தது. அதாவது, நோயாளிகள்தான் எனக்கு முதலாளிகள். இந்த ஒரு வரி அன்றே என் மண்டையில் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

அந்த வேலைக்கு நான் எப்படிப் போனேன்? சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. மாமா வைத்துத் தருவதாகச் சொன்ன கிளினிக்கை மாமி தடுத்துவிட்டாள். (மாமிக்கு மனிதர்களை எடைபோடத் தெரியும்.) வேறு கதியில்லாமல் போனவன், தெருவில் எல்லோரிடமும் "ஏழைகளுக்குச் சேவை செய்யப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்டர்வியூவுக்கு மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு போனேன். வேப்ப மரத்தடியில் பாய் விரித்துச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாளை நோயாளி என்று நினைத்து, "எங்கேம்மா, நாக்கை நீட்டு" என்றேன்.

அவள் நீட்டவில்லை. "நான் சங்கத்துத் தலைவரு. கன்னியம்மா. நாக்க நீ நீட்டு. நாங்க கேள்வி கேக்கறோம், பதில் சொல்லு."

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "சாயங்காலம் ஆஸ்பத்திரி தெறந்து வெப்பியா? பகல்ல நாங்க கழியில கீறோம், மில்லுல கீறோம். பொழுது சாஞ்சாத்தான் ஊடு வந்து சேருவோம்."

"கண்டிப்பாக" என்றேன். வேலையில் சேர்ந்தபின், மெட்ராஸுக்குப் போகும் மாலை ரயிலைப் பிடிப்பதற்காக வெயில் தாழுமுன்பே ஆஸ்பத்திரியைப் பூட்டினேன். பகல் முழுவதும் அந்த அறையில் நானும் ஈக்களும்தான். "இந்த ஜனங்களுக்கு ஆரோக்கியத்தில் அக்கறையே இல்லை சார்" என்று ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்ப்பேன். அவர்களும் "த்சொ த்சொ" என்பார்கள். படித்தவர்கள் இருவர் சேர்ந்தால் நாட்டுக்காக வருத்தப்படுவதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நோயாளி வராத டாக்டருக்குச் சும்மா இருக்க முடியுமா? பெயர் வாங்க வேண்டுமே. அப்போதுதான் எனக்கு மாதிரிக் கழிப்பறை யோசனை உதித்தது. கன்னியம்மாவிடம் சொன்னேன். கேட்டேன் என்று சொல்லவில்லை, சொன்னேன் என்றுதான் சொல்கிறேன்.

"கக்கூஸா?" என்றாள். "வோணாம்னு சொல்லல. பொட்டப் புள்ளைங்களுக்கு ஒரு மறைப்பு வோணும்தான். ஆனா அத்த எங்க கட்றது, எப்ப கட்றதுன்னு சங்கத்துல பேசணும். நீ மொதல்ல சாயங்காலம் ஆஸ்பத்திரிய தெற."

"ஏம்மா, இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன். அவள் வயதில் பாதி இருக்கும் எனக்கு. என் முதலாளி வேறு. ஏம்மா, உனக்கு! இன்று நினைத்தால் அந்தப் பையனை நானே காதைத் திருகி ரயிலேற்றிவிடுவேன்.

சங்கத்துக்குத் தெரியாமல் தரும ஸ்தாபனத்துக்கு எழுதிச் சிமெண்டும் பீங்கானும் வரவழைத்தேன். பொன்னேரியிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள். இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்: குடியிருப்புக்கு வெளியே, மண் சாலையை ஒட்டிய திடல். ஜீப்பில் வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் அல்லவா! சுவருக்கு நீல வர்ணம். ஜில்லா சுகாதார அதிகாரியைத் திறப்பு விழாவுக்கு அழைத்தேன். அவர் உடனே சம்மதித்தார். போட்டோகிராபரோடு வருவதாகவும் சொன்னார்.

விழாவன்று காலை ரயிலில் இறங்கியவன், ரிப்பனும் மாலையும் வாங்க கும்மிடிப்பூண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு நாஷ்டாக் கடை. "ஈ மொய்த்த பண்டங்களை உண்ணாதீர்" என்று என் கையாலேயே எழுதி ஆஸ்பத்திரியில் மாட்டியிருந்தேன். அது ஜனங்களுக்கு. டாக்டருக்கு அல்ல. அந்தக் கடையில் முந்தின நாள் வடையை இன்றைய குழம்பில் ஊறவைத்து வடைகறி என்று கொடுத்தார்கள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திடலில் பந்தல் போட்டாகிவிட்டது. சங்கத்துக்காரர்களுக்கு என் மேல் கோபம் இருந்தாலும், வீட்டுக்கு வருகிற விருந்தாளியை அவமதிக்கக்கூடாது என்று எல்லோரும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் ஏகாம்பரம் எங்கிருந்தோ பாட்டரி மைக் செட் பிடித்து வந்து, "அலோ, அலோ" என்று ஊதிக்கொண்டிருந்தார். கதவு நிலையின் குறுக்கே ரிப்பனை நானே கட்டினேன். பூட்டுச் சாவி என் சட்டைப் பையில்.

அப்போதுதான் வயிற்றுக்குள் யாரோ வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது.

முதலில் அலட்சியப்படுத்தினேன். மாடு நிற்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். முள்காட்டுப் பக்கம் தோரணத்துக்குக் கொம்பு வெட்டுகிற ஆட்கள். கழிக்கரை முழுக்கப் பிள்ளைகள். தவிர, திறந்தவெளியில் ஒதுங்குவது எவ்வளவு பெரிய பாவம் என்று நான்தான் சற்றுமுன் மைக்கில் முழங்கியிருந்தேன். எனக்கு வேர்த்தது. நெற்றியில் வேர்த்து, முதுகில் வேர்த்து, கடைசியில் யோசிக்கிற இடத்தைத் தாண்டிவிட்டேன். எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் பூட்டைத் திறந்து, ரிப்பனுக்கு அடியில் தவழ்ந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

ஆக, அந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தவன் நானே. அதிகாரி இல்லை.

பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன். வேலை முடிந்து கையை நீட்டியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. பீங்கான் வைத்தேன், வர்ணம் அடித்தேன், ரிப்பன் கட்டினேன். தண்ணீருக்கு ஏற்பாடு செய்யவில்லை. குழாய் இல்லை, தொட்டி இல்லை, ஒரு வாளிகூட இல்லை. அடிபம்பு குடியிருப்பின் மறுகோடியில் இருந்தது. ஜீப்புக்காரர்கள் கண்ணில் படும் இடத்தைத் தேடியவன் தண்ணீர் கண்ணில் படும் இடத்தைத் தேடவில்லை.

பின்சுவரில் காற்றுக்காக ஒரு ஜன்னல் ஓட்டை விட்டிருந்தோம். அதன் வழியாகப் பார்த்தால் கன்னியம்மா தனியாக நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"தலைவரம்மா..." என்றேன். அவளை நான் அப்படி அழைத்தது அதுவே முதல் தடவை.

அவள் வானத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், கடைசியில் ஓட்டையைப் பார்த்தாள். "ஐய! உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?"

"வயிறு சரியில்லைங்க. கொஞ்சம் தண்ணி கொண்டாந்து குடுங்க. யாருக்கும் தெரியாம."

அவள் நிதானமாக வெற்றிலையை மென்றாள். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் ஆஸ்பத்திரி தெறப்பியா?"

"தெறக்கறேங்க."

"தெனிக்கும்?"

"தெனமும்ங்க. சத்தியமா!"

"ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓட மாட்டியே?"

"இங்கேயே தங்கிடறேன் தாயே!"

அவள் கிளம்பினாள். ஓடவில்லை, நடந்தாள். ஓட்டை வழியே அவள் முதுகு போய்க்கொண்டே இருப்பது தெரிந்தது.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. மாலை போட்டார்கள். "டாக்டர் எங்கே?" என்று அதிகாரி கேட்பதும், "இங்கதான் கீறாருங்க, எங்கயோ கீறாருங்க" என்று ஏகாம்பரம் மழுப்புவதும் கேட்டது. அதிகாரிக்குப் பொன்னேரியில் மத்தியானச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அவர் காத்திருப்பாரா? மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, சுத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசி, ரிப்பனைக் கத்தரித்து, கைதட்டலுக்கு நடுவே கதவைத் தள்ளினார்.

கதவு திறக்கவில்லை. மறுபடி தள்ளினார்.

"உள்ளே யாரய்யா?" மைக் அவர் கையிலேயே இருந்தது. சாலை வரைக்கும் எதிரொலித்தது.

"நான்தான் சார்." அதுவும் எதிரொலித்தது.

"நான்தான்னா?"

"டாக்டர் சார்."



"வெளியே வாய்யா!"

"முடியாது சார்."

"ஏன் முடியாது?"

அவர் மைக்கைக் கதவோடு ஒட்டி இன்னும் கோபமாகக் கேட்டார். "ஏன்யா முடியாது?"

"தண்ணி இல்ல சார்."

அந்தக் குடியிருப்பு ஜனங்கள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. கேட்டிருக்க வாய்ப்பும் இல்லை, நான்தான் பகலில் மட்டும் வேலை பார்க்கிறவனாயிற்றே. கிழவர்கள் சிரித்தார்கள், குழந்தைகள் சிரித்தார்கள், ஜீப் டிரைவர் ஹாரன் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். அந்த ஹாரன் வேறு சேர்ந்து அலறியது.

இடுப்பில் குடத்தோடு கன்னியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "நகருங்க, நகருங்க. உள்ள கீறவரு வெளிய வர வோணாமா?" நான் கதவை ஒரு சாண் திறந்தேன். குடம் உள்ளே வந்தது. போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து விளக்கை மின்னவைத்தான்.

ஒருவழியாக நான் வெளியே வந்ததும் அதிகாரி என் மேல் பாய்ந்தார். "தண்ணி இல்லாத இடத்துல கக்கூஸ் கட்டின மேதாவி நீதானா? யாரைக் கேட்டுய்யா கட்டினே?"

"எங்களாண்ட கேக்கலீங்க" என்றாள் கன்னியம்மா. "எங்கள எதுவும் கேக்காம உங்களத்தான் கூப்பிட்டாரு. நீங்களும் வரேன்னீங்களாம். நீங்களாவது தண்ணி கீதான்னு கேட்டீங்களா?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் தெரியாத அதிகாரிகளுக்குக் கடவுள் கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறான். "பம்புக்கு ஏற்பாடு பண்ணச் சொல்றேன்" என்று ஜீப்பில் ஏறினார். அந்தப் பம்பு வரவே இல்லை.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு போய் என் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடத்தினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் முதல் உள்நோயாளி நான்தான். தலைக்கு மேலே "ஈ மொய்த்த பண்டங்களை உண்ணாதீர்." கன்னியம்மா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியைப் புகட்டிக்கொண்டே இருந்தாள். நான் தூங்கிவிட்டதாக நினைத்து, சங்கம் அங்கேயே கூட்டம் போட்டது. விஷயம்: என்னை வைத்துக்கொள்வதா, விரட்டுவதா.

"அனுப்பிச்சுடலாம்" என்றார் ஏகாம்பரம். "இவரால நமக்கு மானமே போச்சு. பேஜாரு புடிச்ச ஆளு."

"அனுப்பிச்சுட்டு?" என்றாள் கன்னியம்மா. "வேற டாக்டரு வருவான். அவனும் இப்பிடித்தான் டை கட்டிக்கினு வருவான், நாக்க நீட்டுன்னுவான். இவன் பயந்துட்டான் பாரு, இனிமே ஒழுங்கா இருப்பான். புதுசா வர்றவன நாம மொதல்லேர்ந்து பயமுறுத்தணும். யாருக்குக் கீது நேரம்?"

அதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்தது. வைத்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னாள். பெஞ்சில் படுத்தபடியே நானும் தூக்கினேன்.

"ஒனக்கு ஓட்டு இல்ல. படு" என்றாள்.

படுத்தேன். கும்மிடிப்பூண்டியிலேயே அறை எடுத்தேன். மறுநாளிலிருந்து சாயங்காலம்தோறும் ஆஸ்பத்திரியைத் திறந்தேன். வரமாட்டார்கள் என்று நான் ரயிலெல்லாம் ஏறிப் புலம்பிய ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். உட்கார இடமில்லாமல் வேப்ப மரத்தடியில் வைத்தும் பார்த்தேன். கொஞ்ச காலத்தில் சங்கமே பணம் போட்டு, திடலில் ஒரு போர் இறக்கித் தொட்டி கட்டியது. கட்டடம் புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பெயரும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. என்ன பெயர் என்று எனக்கு நேராக யாரும் சொன்னதில்லை.

கல்யாணமாகி என் மனைவியை முதன்முதலாக அங்கே அழைத்துப் போனேன். பஸ்ஸில் வந்த களைப்பில் அவள் ஒரு பெண்ணிடம் ரகசியமாக ஏதோ கேட்டாள். அந்தப் பெண் உரக்கச் சொன்னாள்: "டாக்டர் ஊட்டுக்குப் போவணுமா? வாக்கா, இட்டுக்கினு போறேன்."

"உங்களுக்கு இங்கே வீடு இருப்பதாகச் சொல்லவே இல்லையே!" என்று முகமெல்லாம் மலர்ச்சியாக என்னைப் பார்த்துவிட்டுப் போனாள் புது மனைவி. திரும்பி வந்தபோது முழுக் கதையும் தெரிந்துகொண்டு வந்தாள். அவள் அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு பிள்ளைகளுக்கும் சொத்தாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் யாரும் பாத்ரூமுக்குப் போவதில்லை, 'டாக்டர் வீட்டுக்கு'த்தான் போகிறார்கள்.

சென்ற ஆண்டு என் மகன் அம்பத்தூரில் புதிதாக வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தான். சம்பந்தி அம்மாள் அதிகம் பேசாதவர், பக்தி மிகுந்தவர். அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே போனான். "இது ஹால் அத்தை. இது பூஜை ரூம். இது சமையலறை." பழக்க தோஷத்தில் கை அடுத்த கதவுக்குப் போயிற்று. "இது அப்பா வீடு."

சம்பந்தி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல பெத்தவருக்குன்னு தனியா ஒரு இடம் கட்டி வச்சிருக்கீங்களே மாப்பிள்ளை! நீங்க நல்லா இருக்கணும்" என்று அந்த மூடிய கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.