நூற்று ஐம்பதாவது மனைவி

ஐம்பது வயதுக்குள் முனைவர் பட்டம் வாங்காமல் ஓய்வதில்லை என்று பார்த்தசாரதி சபதம் செய்தபோது அவருக்கு நாற்பத்தொன்பதரை. செங்கல்பட்டில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். ஆய்வுப் பதிவு 1999 ஜூன் முப்பதோடு காலாவதி. மூன்று முறை நீட்டித்தாகிவிட்டது. நாலாவது கிடையாது.

தலைப்பு: 'வீட்டு வேலையில் கணவர்களின் பங்கு.' பாத்திரம் தேய்ப்பது முதல் ஒட்டடை அடிப்பது வரை இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மனைவி மார்க் போட வேண்டும். இருபதையும் ஒரே சமயத்தில் கோத்துப் பார்க்கும் பன்மாறிப் புள்ளியியலைக் கற்க, மாமல்லபுரத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். அங்கே கடலைத் திரும்பியே பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

ஊரப்பாக்கத்திலிருந்து படாளம் வரை அலைந்து நூற்று நாற்பத்தொன்பது மனைவிகளைப் பிடித்துவிட்டார். வேண்டிய நூற்று ஐம்பதுக்கு ஒன்று குறைந்தது. சொந்த வீட்டிலேயே ஒரு மனைவி இருந்தாள். ஆனால் ஜெகதாம்பாள் கையில் படிவம் போனால் என்ன மார்க் விழும் என்று தெரியும். அவரே நிரப்பினார். இருபதுக்கும் ஐந்தைந்து.

கணினி விடவில்லை. ஒவ்வொரு வீடும் கூட்டத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணக்குப் போட்டது. 149 வீடுகள் கரையில் கும்பலாக நிற்க, 150ஆவது வீடு கடலோர நெம்மேலியையும் தாண்டிக் கடலுக்குள் நின்றது.

"இப்படி ஒரு புருஷனா?" என்றார் நெறியாளர் தெய்வநாயகி. "யார் வீடு இது?"

"ஒரு ஆசிரியர் வீடும்மா."

"நேர்ல போய் விசாரிங்க. பதில் உண்மைன்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுத் தரட்டும்."

அன்றைக்கு ஜூன் ஒன்று. படிவத்தை ஜெகதாம்பாள் நிதானமாகப் படித்தாள்.

"ஏன்னா, பதினொண்ணாவது கேள்வி. இட்லிக்கு யார் அரைக்கறா?"

"கிரைண்டர்."

"பதினாலு. விடிகாலைல எழுந்து குழாயில தண்ணி பிடிக்கறது."

"அப்போ நானும் முழிச்சுண்டுதானே இருக்கேன்."

"படுத்துண்டு."

"பத்து வருஷ உழைப்பு ஜெகதா. ஒரு கையெழுத்துதானே."

"பொய்க் கையெழுத்துப் போட எங்கப்பா சொல்லித்தரல. நாலு வாரம் இருபதையும் செஞ்சு காட்டுங்கோ. உண்மையாயிடும். போட்டுடறேன்."

பார்த்தசாரதி பின்வாங்கும் ஆளில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். அரைத்தார், தேய்த்தார், துவைத்தார். ஏணியில் ஏறி ஒட்டடை அடித்து, கால் தவறி இறங்கினார். மறுநாள் நொண்டிக்கொண்டே ஏறினார்.

வாசலுக்கு வந்த கீரைக்காரி முனியம்மா கூடையை இறக்காமல் பார்த்தாள். "இன்னா சார், அம்மா ஊர்ல இல்லியா?"

"உள்ளேதான் இருக்கா."

"ஒடம்பு செரியில்லியா?"

"நன்னா இருக்கா. பேப்பர் படிக்கறா."

"அது செரி. நாலு கட்டு தரேன், நீயே ஆஞ்சிக்க."

இருபத்தெட்டாம் தேதி கையெழுத்து விழுந்தது. மறுநாள் வெடித்த விரல்களைச் சட்டைப்பைக்குள் மறைத்தபடி நெறியாளர் முன் நின்றார்.

"நெஜமாவே இருக்காரா அப்படி ஒருத்தர்?"

"இருக்கார்" என்றார். வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக அவர் எதையும் சொன்னதில்லை.

"இருக்கட்டும். ஆனா ஒத்தை ஆள் மொத்தக் கணக்கையும் இழுக்கறார். காரணத்தை அடிக்குறிப்புல எழுதிட்டு எடுத்துடுங்க. 149 போதும்."

"கையெழுத்துக் கெடச்சும் எடுக்கணுமா?"

"கெடச்சாலும் கெடைக்காட்டியும்தான். அந்தம்மா கையெழுத்துப் போடாட்டா என்ன ஆகும்னு ஒண்ணாந்தேதியே உங்க வீட்டம்மா போன்ல கேட்டாங்க. இதைத்தான் சொன்னேன். அவங்க சொல்லலியா?"

வீட்டுக்கு வந்தார். ஜெகதாம்பாள் மின்விசிறிக்குக் கீழே வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுண்டே நாலு வாரம் என்னை வேலை வாங்கினியா?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஆராய்ச்சிக்கு வேண்டாம்னா போறது போங்கோ. அந்த மாதிரி ஒரு புருஷன் ஆத்துக்கு வேண்டியிருக்கு. டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும், பாருங்கோ."