இரண்டு குண்டுமணி நிறையுள்ள பெண்

அந்தக் கல்லில் ஒரு தூசளவும் குறைய விடுவதில்லை என்று தீர்மானித்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் தீர்மானங்களில் ஒன்றாவது நிறைவேறட்டுமே என்பதும் ஒரு காரணம்.

அது நீலக்கல். என் மாமியார் இரத்தினக்கல் தோண்டும் றக்குவானையிலிருந்து வன்னிக்கு வரும்போது கொண்டுவந்தது. பிறகு யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் என் மனைவி நாகேஸ்வரி அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடினாள். நான் என் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓமந்தையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் தராசு பிடித்தவன் நான். நிறை குறைந்தால் எனக்கு நித்திரை வராது. கல்லைக் குண்டுமணி விதைகளோடு வைத்து நானே நிறுத்திருந்தேன். ஏழு குண்டுமணி.

மகள் யதுர்ஷிகாவுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. கல்லுக்குப் புதிதாகப் பட்டை தீட்டுவித்து, பதக்கமாக அவளுக்குப் போடவேண்டும் என்றாள் நாகேஸ்வரி.

"இதில என்ன குறை?" என்றேன்.

அவள் கல்லைப் பழைய பேப்பர் ஒன்றின்மேல் வைத்தாள். "வாசியுங்கோ."

வாசித்தேன். கல்லினூடாக ஒரு மரண அறிவித்தல் தெளிவாகத் தெரிந்தது.

"பேப்பர் வாசிக்கிறதுக்கு அது கல்லோ, மூக்குக்கண்ணாடியோ? அடி தட்டையாக் கிடக்கு. வெளிச்சமெல்லாம் கீழால ஒழுகிப்போகுது. கரையில மட்டும் நீலம், நடுவில வெறுந்தண்ணி. போதாக்குறைக்கு உள்ளுக்கு ஒரு வெள்ளைக் கீறல்."

"வெட்டினால் நிறை குறையுமே."

"வடிவு கூடுமே."

"வடிவை எந்தத் தராசில நிறுக்கிறது?"

"தராசில நிறுத்தோ நீங்கள் என்னைக் கட்டினனீங்கள்?"

அதற்கு என்னிடம் ஒரு பொய் இருந்தது.

"நாகேசு, அது கீறலில்லை. வடிவாப் பாரும். முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பொம்பிளை நிக்கிறா. கல்லை வெட்டினால் அவா வெளியில வந்திடுவா."

அவள் கல்லை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஓம். நிக்கிறா. சரி, இனி வெட்டுறதைப் பற்றி நான் வாய் திறக்கேல்லை."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வெற்றி எனக்குப் பழக்கமில்லாத பொருள். போலியைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அன்று பொழுதுபடச் சாப்பிடப் போனால், குசினியில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு இருந்தது. மகள் வவுனியாவில் தங்கி வேலை செய்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஆருக்கு இது?"

"அவவுக்கு. எத்தினை காலமாப் பசியோட நிக்கிறாவோ."

"அலட்டாதையும். அது கல்லு."

"நீங்கள்தானே காட்டினனீங்கள்?"

அந்தக் கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன். மறுநாளும் மூன்று கோப்பைதான். அதற்கடுத்த நாள் மூன்றாவது கோப்பைக்கு மட்டும் ஒரு பொரித்த மிளகாய் கூடுதலாக இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

நாகேஸ்வரி கிளினிக் என்றும் கலியாணச் சீலை என்றும் வவுனியாவுக்குப் போய்வந்தாள். நான் கல் இருந்த அலுமாரிப் பக்கம் போகவில்லை. பயம் இல்லை, வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்கக்கூடாது.

ஒரு காலை பக்கத்து வீட்டு விமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தாள்.

"அண்ணை, வீட்டில விருந்தாளோ? நேற்று மத்தியானம் உங்கட கிணத்தடியில நீலச் சீலையோட ஒரு பொம்பிளை நிண்டா. கூப்பிட்டன், திரும்பேல்லை."

"அது நாகேஸ்வரியா இருக்கும்."

"அக்கா அப்ப எனக்குப் பக்கத்தில நிண்டெல்லோ மீன் வாங்கினவா."

நேரே போய் அலுமாரியைத் திறந்தேன். தகரப் பெட்டியில் பஞ்சுக்கு நடுவே கல் இருந்தது. வெள்ளைப் பெண் இல்லை.

திருப்பினேன். சரித்தேன். இல்லை. முன்பு கல்லை ஏந்தினால் அடியில் என் விரல்ரேகை தெரியும். இப்போது அடியே இல்லை. பாழுங்கிணறு மாதிரி நீலம் கீழே கீழே போனது. அந்த ஆழத்தில் கறுப்பாகத் தலைகள் இருந்தன. ஆறு. நான் தலையைச் சரித்தேன், ஆறும் சரிந்தன. நான் மூச்சைப் பிடித்தேன், அவையும் அசையாமல் நின்றன.

தராசை எடுத்தேன். ஐந்து குண்டுமணி!

கணக்குச் சரியாக வந்தது. பெண் வெளியே போய்விட்டாள். அவளுடைய நிறை இரண்டு குண்டுமணி. போகும்போது ஆறு பேரைக் காவலுக்கு விட்டுப்போயிருக்கிறாள்.

"நாகேசு! அவா போயிட்டா!"

நாகேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்க போகப்போறா? சாப்பாட்டு நேரத்துக்கு வருவா."

"கல்லை வெட்டுவிப்பம்! உள்ளுக்கு இருக்கிற ஆறு பேரையும் கிண்டி எடுக்கட்டும்!"

"நிறை குறையுமே?"

"குறையட்டும்!"

"அப்ப உங்கட கையாலேயே கொண்டுபோய்க் குடுங்கோ. வவுனியாவில மெல்ரொன் எண்டு ஒருத்தர் பட்டை தீட்டுறார்."

அடுத்த பஸ்ஸில் போனேன். மெல்ரொன் கல்லைக் கண்டதும் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்.

"ஐயா, இதை நான் வெட்டிக் குடுத்தாச்சு. அம்மா போன கிழமைதான் வந்து வாங்கினவா. நீங்கள் வருவீங்களாம். தேத்தண்ணி குடுத்துப்போட்டுத்தான் சொல்லவேணும் எண்டவா."

"அந்தப் பொம்பிளை?"

"எந்தப் பொம்பிளை? ஓ, கீறலோ? அது கரைப்பக்கமா இருந்தது, அரைச்சு எடுத்துப்போட்டன். இப்ப கல்லுக்குள்ள வெளிச்சத்தை மறிக்க ஒண்டுமில்லை. அடிப் பட்டையளைச் சரிவாப் போட்டிருக்கிறன். முந்திக் கீழால போன வெளிச்சம் இப்ப பட்டையில பட்டுத் திரும்பி வருது. அதுதான் நிறம் ஊறித் தெரியுது."

"தம்பி, ஆறு தலை தெரியுதே."

அவர் கல்லைப் பார்த்தார். என் வழுக்கையைப் பார்த்தார்.

"வெளிச்சத்தை மறிச்சுக்கொண்டு குனிஞ்சு நிண்டால், கல்லு உங்களைத்தானே காட்டும்? ஆறு பேரும் நீங்கள்தான். கொஞ்சம் விலத்துங்கோ."

விலகினேன். கல் பற்றிக்கொண்டது. நடுவிலிருந்து கரைவரை ஒரே நீலம். ஏழு குண்டுமணியாக இருந்த காலத்தில் அது ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. கல்லைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசல் படலையில் நாகேஸ்வரி சிரித்துக்கொண்டு நின்றாள். "தேத்தண்ணி தந்தவரோ?"

"தந்தவர். ஆட்டத்தில வெண்டது நீர்தான். கோப்பை வைச்சது நல்ல வேலை. ஆனால் விமலேஸ்வரிக்கும் சொல்லிக்குடுத்து, கிணத்தடி, நீலச் சீலை எண்டு பயப்பிடுத்தினது கொஞ்சம் கூடிப்போச்சு."

அவளுடைய சிரிப்பு நின்றது.

"விமலேஸ்வரிக்கோ? அவவிட்ட நான் ஒண்டும் சொல்லேல்லையே."

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கிணற்றடியில் கப்பி ஒருமுறை கிறீச்சிட்டது. காற்றாக இருக்கும்.

அவள் உண்மையைச் சொன்னாளா, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது கோப்பையை இப்போது நான்தான் வைக்கிறேன்.