ஃப்ரீசரில் எனக்காகக் காத்திருந்த பாட்டில்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான லவோன் அக்காவுக்கு,

தங்கை அடைனா எழுதுவது. தேவ கிருபையால் நானும் என் வீட்டுக்காரர் ஓர்லினும் சுகம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மாடிப்படி ஏறும்போது ஜெபிக்கிறார், இறங்கும்போது என்னைத் திட்டுகிறார். நியூட்டனில் நீயும் அத்தானும் சுகமாயிருக்கவும், விதைத்த கோதுமைக்கு நல்ல மழை கிடைக்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. "ரத்தத்தை வித்துச் சாப்பிடற அளவுக்கு உனக்கு என்னடி கேடு வந்துச்சு" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான், ஆனால் அக்கா, நான் கொடுத்தது ரத்தம் இல்லை. ரத்தத்துக்குள்ளே இருக்கிற மஞ்சள் தண்ணீர். பிளாஸ்மா என்கிறார்கள். சிவப்பை நமக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணால் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஓர்லினுடைய வேலை உடுப்பை வாயில் வைத்துக்கொண்டே எங்கள் வாஷிங் மெஷின் செத்துப்போனது உனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு சலைனாவில் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போனேன். அதற்கு அடுத்த கதவுதான் காசு கொடுத்து பிளாஸ்மா எடுக்கிற அந்த இடம். துணி சுற்றி முடிகிறவரை சும்மா உட்காருவானேன் என்று உள்ளே போய் விசாரித்தேன். சும்மா இருந்து பழக்கமில்லாததால் வந்த வினை. கையோடு கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தது தப்பு, முதல் நாளே அரை நாளைத் தின்றுவிட்டது, அடையாள அட்டை கேட்டார்கள், வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சியாகக் கரண்டு பில் கேட்டார்கள், அதற்கு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன், எடை பார்த்தார்கள், விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து இரும்புச் சத்து போதுமா, புரதம் போதுமா என்று பார்த்தார்கள், நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், கை நரம்பு எல்லாம் பார்த்தார்கள், ஓர்லின் மாடு வாங்கும்போதுகூட இத்தனை பார்க்க மாட்டார். மரிசோல் என்று ஒரு நர்ஸ், நம் கடைசித் தங்கை வயதிருக்கும், "காலைல என்னம்மா சாப்பிட்டீங்க" என்று கேட்டாள். முட்டை, ரொட்டி, ஆப்பிள் ஜாம், ஜாம் போன வருஷத்தது என்று சொன்னேன். "ஜாமோட வயசு வேண்டாம்மா. தண்ணி நிறையக் குடிச்சீங்களா, அதைச் சொல்லுங்க" என்றாள்.

பிறகு சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து ஊசி போட்டாள். ஊசி கொஞ்சம் தடிமன்தான், மறைக்க மாட்டேன், எறும்பு கடித்த மாதிரி என்று சொல்கிறவர்கள் எந்த எறும்பைச் சொல்கிறார்களோ. கையை மூடித் திறக்கச் சொன்னாள். என் ரத்தம் குழாய் வழியாகப் போய் மெஷினுக்குள் சுற்றியது, சுவருக்கு அந்தப் பக்கம் என் துணியும் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் உதடு ஓரம் சுருசுருவென்றது. சொன்னதும் மரிசோல் மெஷினின் வேகத்தைக் குறைத்து, மென்று தின்ன ஒரு கால்சிய மாத்திரையும் கொடுத்தாள், "உறையாம இருக்கக் கலக்கற மருந்து பண்ற வேலைம்மா, நீங்க சொல்லாம இருந்தாத்தான் தப்பு" என்றாள். கடைசியில் உப்புத் தண்ணீர் உள்ளே போனபோது ஜனவரி மாதம் கைக்குள்ளே நடந்துபோவதுபோல் குளிர்ந்தது. அப்போதுதான் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா, ஜூன் மாத மாலை வெயிலில் அறுப்புக்கு நிற்கிற கோதுமையின் நிறம். அறுபத்தொரு வருஷம் அது எனக்குள்ளே ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியாது. சபையில் எத்தனையோ தடவை ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் வாயில் வார்த்தை வரவில்லை.

"இது யாருக்குப் போகும்" என்று கேட்டேன். நோயை எதிர்க்கிற சக்தியே இல்லாமல் பிறந்தவர்கள் இருக்கிறார்களாம், அவர்களுக்கு இதிலிருந்து மருந்து செய்கிறார்களாம், ஒருத்தருக்கு ஒரு வருஷம் ஓட நூறு பாட்டிலுக்கும் மேல் வேண்டுமாம். "ஆனா ஒண்ணும்மா, முதல் பாட்டிலை உடனே அனுப்ப மாட்டாங்க. ஃப்ரீசர்ல இருக்கும். ஆறு மாசத்துக்குள்ள நீங்க இன்னொரு தடவை வந்து, அந்தச் சோதனையும் சரியா இருந்தாத்தான் அது மருந்தாகும். வரலைன்னா தூக்கிப் போட்டுடுவாங்க." ரொட்டி வந்த பையைக்கூடக் கழுவிக் காயப்போடுகிற என்னிடம் போய் இதைச் சொன்னாள்.

உடனே போயிருக்கலாம். அறுப்பு வந்தது, அது முடிந்ததும் ஓர்லின் முழங்கால் வந்தது. தக்காளியை ஜாடியில் அடைத்து மூடி போடும்போதெல்லாம் அந்தப் பாட்டில் நினைவுக்கு வரும், அந்தக் குளிரில் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறதே என்று. ஆறு மாதம் முடிகிற வாரத்தில்தான் போக முடிந்தது. அதற்கு முந்தின நாள் பெட்ரோல் கணக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் சபையார் கவுண்டி ஜெயிலில் கைதிகளுக்குப் பாடப் போகிற கணக்கு. எழுதும்போதே அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. பிளாஸ்மா எடுக்கும் முன் திரையில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, கடந்த ஒரு வருஷத்தில் தொடர்ந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தீர்களா என்பது. போன தடவை யோசிக்காமல் இல்லை என்று அமுக்கியிருந்தேன். வாரம் ஒன்றரை மணி நேரம், வருஷத்தைக் கூட்டினால் எழுபத்தெட்டு. ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை, தொடர்ந்துதான். நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் ஆம் என்று அமுக்கினேன். போன தடவை சொன்னது பொய் என்றும் மரிசோலிடம் ஒப்புக்கொண்டேன். அவள் முகம் வாடிப்போனது. "அப்ப ஒரு வருஷத்துக்கு நீங்க கொடுக்க முடியாதும்மா" என்றாள். அப்போது ஃப்ரீசரில் இருக்கிற பாட்டில் என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே, என்ன கேஸ்" என்றாள். ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவள் என்றேன்.

விவரம் சொன்னதும், "பாடப் போனதா? அது கணக்கில்லம்மா. அடைச்சு வெச்சிருந்தாங்களான்னுதான் கேள்வி" என்றாள். அடைக்கத்தான் அடைக்கிறார்கள், நாங்கள் உள்ளே போனதும் பின்னால் கதவைப் பூட்டுகிறார்களே என்றேன். "வெளிய போகணும்னு சொன்னா விடுவாங்கல்ல?" அதைச் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை அக்கா, நம் சபை ஜனங்கள் சத்தியம் பண்ணுவதும் இல்லை. சகோதரர் வெண்டல் பிரசங்கத்தை முடிக்காமல் யார் வெளியே போயிருக்கிறார்கள் என்றேன்.

மரிசோலுடைய அறைக் கதவு திறந்திருந்தது. அடுத்த முறைக்கு நின்ற ஒரு ஆள், கழுத்துவரை பச்சை குத்தியவன், டரெல் என்று பெயர், தலையை உள்ளே நீட்டினான். "அம்மா, நான் அங்க உள்ள இருந்தவன். வெளிய வந்து பதினாலு மாசம் ஆச்சு, அதான் இங்க சேத்துக்கிட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கீழ்க்குரல்ல பாடுறது நீங்கதானே?" நான்தான் என்றேன். "பாட்டு முடிஞ்சா நீங்க கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவீங்க. நாங்க நீங்க போறதைப் பாத்துக்கிட்டு நிப்போம். அதுக்குப் பேரு ஜெயில்ல இருக்கறது இல்லம்மா. எங்களைக் கேளுங்க, சொல்றோம்."

இத்தனை வருஷம் ஜெயில் கதவைத் தாண்டி வந்ததும் காரில் ஹீட்டரைப் போடுகிற நினைப்பில்தான் இருந்திருக்கிறேன். பூட்டிய பக்கம் யார், திறந்த பக்கம் யார் என்று அவன்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மரிசோல் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் வந்து, நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவள் என்று என் பெயருக்கு நேரே எழுதிக் கையெழுத்து வாங்கினார், வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் மக்கு என்று ஒப்புக்கொண்டதில்லை. டரெலுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே படுத்தேன். ஊசி ஏறும்போது, "கண்ணை மூடிக்கிட்டுப் பாடுங்கம்மா, வலிக்காது" என்றான். பாடினேன். வலிக்கத்தான் செய்தது. சோதனையும் சரியாக வந்துவிட்டது. இரண்டு பாட்டிலும் போய்விட்டன அக்கா, யாருக்கென்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

வாஷிங் மெஷினும் வந்துவிட்டது. அதனால் உன் மனம் நோக இனி நான் அங்கே போக மாட்டேன். காசுக்காக ஆசைப்பட்டேன் என்று நீ இனி நினைக்க வேண்டாம். ஓர்லினிடம் மட்டும் மூச்சு விடாதே. ஆண்டவர் உங்கள் வீட்டையும் களஞ்சியத்தையும் காத்து நிரப்புவாராக.

உன் அன்புத் தங்கை,
அடைனா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன், ஓர்லின்தான் காரில் கொண்டுவிடுகிறார், அவருக்கு எல்லாம் முன்னமே தெரியுமாம். புது ஆளைக் கூட்டிவந்தால் கூட்டி வருகிறவளுக்கும் தனியாகக் கொஞ்சம் காசு தருகிறார்கள், அதில் பாதி உனக்கு, இப்போதே கணக்கில் எழுதிவிட்டேன். கரண்டு பில் எடுத்துக்கொள், முட்டை சாப்பிடு, தொளதொளவென்று கை வைத்த சட்டை போட்டுக்கொள். நீயும் ஞாயிறுதோறும் உங்கள் ஊர் ஜெயிலில் பியானோ வாசிக்கிறாய், அதனால் அந்த ஜெயில் கேள்வி வரும்போது கணக்குப் போடாதே, இல்லை என்று அமுக்கிவிடு. உன் பாட்டில் காத்திருக்கக் கூடாது.