பின்சீட்டில் சம்மணம் போட இடமுண்டா?

பிரகதாம்பாள் துணை

முந்திரிக்காட்டு வீடு,
கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே,
வைகாசி மாதம், 1967.

என் தங்கை பெற்றெடுத்த தவப்புதல்வனும், சென்னைப் பட்டணத்து ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி பிடித்த மகாவீரனுமாகிய மாப்பிள்ளை ஆவுடையப்பனுக்கு, உன் மாமன் நல்லதம்பி ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை அழகியும் சௌக்கியம். உன் அத்தைக்கு என்மேல் உள்ள கோபமும் பூரண சௌக்கியம். அங்கே நீயும், உன் அம்மா முத்துமாரியும், அவளுடைய முழங்கால் இரண்டும் எப்படி இருக்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதவும்.

நீ கார் வாங்கப் பதிந்து வைத்திருப்பதாகவும், பெட்ரோல் இன்ஜினா டீசல் இன்ஜினா, சீட்டு எப்படி இருந்தால் நல்லது என்று யோசிப்பதாகவும், கார் வந்ததும் அம்மாவை ஊருக்குக் கூட்டிவருவதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை உன் அத்தை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அவள் சொல்லாதபோதும் நான் படித்தேன் என்பதை அவளுக்கு எழுதிவிடாதே. கடைசியாக வந்து திரும்பிய அன்று உன் அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். "இனிமே என்னால ஏலாதுண்ணே" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு இந்தக் காட்டில் பழுத்த பலாப்பழமெல்லாம் மாட்டுத்தாவணிக்குப் போகிற மாடுகளைவிடப் பெரிது. வெட்டித் தின்னத்தான் மனசு வரவில்லை. நீங்கள் இங்கே வாருங்களேன் என்று நீ எழுதுவாய். அது மட்டும் நடக்காது. பிறந்த வீட்டுக்குத் தங்கச்சி வருவதுதான் முறை. அண்ணன்காரன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டில் போய் உட்கார்ந்தால், கந்தர்வக்கோட்டைச் சந்தையில் நான் தலைகாட்ட முடியுமா? சூரியன் திருச்சிப் பக்கம் உதித்தாலும் நான் பட்டணத்துக்கு வரமாட்டேன்.

ஆகவே கார் விஷயத்தை நானே நேரில் ஆராய்ந்துவிட்டேன். புதுக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவர் நம் காட்டைப் பார்க்கத் தன் காரில் வந்தார். அவர் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருக்க, டிரைவர் சூசைராஜிடம் என் தங்கச்சி கதையைச் சொன்னேன். அவன் கண்கலங்கி, "ஒரு ரவுண்டு வாங்கய்யா, மொதலாளி வர்றதுக்குள்ள திரும்பிருவோம்" என்றான். நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் போதுமா? உன் அம்மாவைப் போன்ற உடம்பும், அவளைப் போன்ற முழங்காலும் உள்ள ஒரு ஆள் வேண்டாமா? அவளுடைய சின்ன வயசுச் சேக்காளி பிச்சையம்மாளைக் கூட்டிவந்தேன். அழகியும் கிளம்பினாள். கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் உள்ளே மெத்தையைப் பார்த்துவிட்டு, சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவிவிட்டுத்தான் ஏறினார்கள். "மெத்தைமேல மண்ணுக் காலோட ஏறலாமா தம்பி?" என்று கேட்டாள் பிச்சையம்மாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். செருப்பு நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்க்கையில் ஓர் ஆடு அதைப் பாதி சாப்பிட்டு முடித்திருந்தது.

சீட்டைப் பற்றி எழுதுகிறேன், கவனமாகக் கேள். சிம்மாசனம் என்பார்களே, அதெல்லாம் இதற்கு முன்னால் வெறும் முக்காலி. ஆனால் ரெக்சின் உறை வைகாசி வெயிலில் தோசைக்கல்லாகக் காய்கிறது. உட்கார்ந்த வேகத்தில் உன் அத்தை எழுந்தாள். கூரை தடுத்திராவிட்டால் தஞ்சாவூரில்தான் இறங்கியிருப்பாள். அதனால் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போடு. முன் ஜன்னல் ஓரத்தில் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் காற்று நேரே மூக்குக்குள் புகுந்து காது வழியாக வெளியே போகிறது. உன் அம்மாவுக்கு அது பிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பின்சீட்டில் சம்மணம் போட இடமுண்டா என்பது. காலைத் தொங்கப்போட்டால் அவளுக்கு வீங்கிவிடுமே. பிச்சையம்மாள் சம்மணம் போட்டு, வெற்றிலையும் மடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் குறுக்கே மாடு வந்தது, சூசைராஜ் பிரேக் போட்டான், அவள் சம்மணம் கலையாமலே உருண்டு முன்சீட்டின் முதுகில் போய் முட்டினாள். "அடியேய் அழகி, புடிடீ!" என்றாள். "நானே அங்கிட்டுத்தான்டி வாரேன்!" என்றாள் உன் அத்தை. ஆனாலும் இறங்கும்போது பிச்சையம்மாள் சீட்டைத் தடவிப் பார்த்து, "முத்துமாரி இதுல வந்துருவா மாமா. நோகாம வந்துருவா" என்றாள். அப்போது தூசி விழுந்து என் கண் கொஞ்சம் கலங்கியது.

இன்ஜின் விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டீசல் இன்ஜின் என்றால் செலவு குறைவு, ஆனால் லாரிச் சத்தம் என்கிறான் சூசைராஜ். சத்தம் நல்லதுதான். என் தங்கச்சி வருகிற சத்தம் கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் ஆரம்பித்து, அன்னவாசலில் தூங்குகிறவனையும் எழுப்ப வேண்டும். ஆனால் எதிரே போய் நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்வேனே, அப்போது அவள் பேசுவது கேட்க வேண்டாமா? உன் அம்மா மெதுவாகப் பேசுகிறவள். வாக்கியத்தின் பாதியைச் சிரிப்பிலேயே முடித்துவிடுவாள். இந்தச் சத்தத்தில் அந்தச் சிரிப்பை எங்கே போய்த் தேடுவது? அதனால் என் தீர்ப்பு: பட்டணத்திலிருந்து கந்தர்வக்கோட்டை வரைக்கும் டீசல், அங்கிருந்து வீடு வரைக்கும் பெட்ரோல். இரண்டு இன்ஜினும் வைத்துத் தரச் சொல்லி கம்பெனிக்காரனிடம் கேள். மாட்டேன் என்றால் பெட்ரோலே வாங்கு. ஊருக்கு நானே சத்தம் போட்டுக்கொள்கிறேன்.

உன் சம்பளமும் பதவியும் பனைமரம்போல் உயரட்டும். தங்கைக்கு என் அன்பைச் சொல். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்.

இப்படிக்கு,
கார் வரும் திசையையே பார்த்திருக்கும் மாமன்,
நல்லதம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடு. கடித உறையை ஒட்டப் போகையில், முந்திரி வியாபாரியோடு சூசைராஜ் மறுபடியும் வந்தான். "பதிஞ்சா ஒடனே குடுத்துருவாங்கன்னு நெனச்சீங்களாய்யா? எங்க மொதலாளி பதிஞ்சப்ப அவரு மகளுக்குச் சடங்கு. இந்த வண்டி வாரப்ப அந்தப் பொண்ணுக்கு ரெண்டு புள்ள" என்றான். நான் சிரித்தேன். அழகி சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் கார்ல யார ஏத்திக்கிட்டு யாரப் பாக்க வாரதாம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் வேட்டியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். புதுக்கோட்டையில் இன்று சாயங்காலம் ரயில் ஏறுகிறோம். சந்தையில் தலைகாட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தபாலில் போட்டால் இந்தக் கடிதமும் நாங்களும் ஒரே ரயிலில்தான் வருவோம் என்பதால் கையிலேயே கொண்டுவருகிறேன். கதவைத் திறந்ததும் வாங்கி, வாசலிலேயே நின்று நிதானமாகப் படி. அதற்குள் நான் உள்ளே போய் என் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.